கண்ணால் தொட்ட மேசை

கண்ணாடித் தம்ளர் ஒன்றில் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் ஊற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் உதவாது. இப்போது மேலிருந்து, தண்ணீரின் பரப்பு வழியாகச் சாய்வாகத் தம்ளரின் உள்சுவரைப் பாருங்கள். சுவர் வெள்ளி பூசினதுபோல் பளபளக்கும். அதற்கு அந்தப்பக்கம் இருக்கிற உங்கள் கை தெரியாது. ஆனால் விரல் நுனிகள் கண்ணாடியில் பதிந்திருக்கும் இடங்களில் மட்டும் வெளிறிய திட்டுகள் தெரியும். வெளிச்சம் நன்றாக இருந்தால் ரேகைகூடத் தெரியும். பிடியைக் கொஞ்சம் இறுக்கினால் திட்டு அகலமாகும், தளர்த்தினால் சுருங்கும்.

ஜெஃப் ஹானுக்குப் பொறி தட்டியதும் இப்படி ஒரு தம்ளரில்தான் என்கிறார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூரான்ட் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்தவர் அவர். 2005-ல் சியாட்டிலில் நடந்த ஒரு கணினி மாநாட்டில் நான்கு பக்கக் கட்டுரை ஒன்றை வாசித்தார். அந்த நான்கு பக்கத்திலிருந்து அடுத்த நாலைந்து வருடங்களில் உலகெங்கும் கராஜ்களிலும் மாணவர் விடுதிகளிலும் மேசைகள் முளைத்தன. பத்து விரலும் பட்டால் பத்தையும் தனித்தனியாகப் புரிந்துகொள்ளும் மேசைகள், வீட்டிலேயே செய்தவை.

தொடுதிரை என்று நாம் இன்று சொல்வது சட்டைப்பையில் இருக்கிறது. அதன் கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்புலம் ஒன்று ஓடுகிறது. விரல் நெருங்கினால் அந்தப் புலம் கலைகிறது. கலைந்த இடத்தைச் சில்லு கணக்குப் போடுகிறது. தடித்த கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு தொட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லவந்த மேசைக்கு இந்தத் தொடுபுலன் கிடையாது. அதன் வயிற்றுக்குள் ஒரு கேமரா உட்கார்ந்து, மேற்பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கும். அது தொடுதலை உணரவில்லை, பார்த்தது. அதன் பிறப்பு, செல்வாக்கு, வீழ்ச்சி எல்லாமே இந்த ஒரு குணத்தில் அடங்கியிருக்கிறது.

தம்ளர் விளையாட்டு புதிதில்லை. நியூட்டனே இரண்டு முப்பட்டகங்களைச் சேர்த்து அழுத்தி, அவை தொட்டுக்கொள்ளும் இடத்தில் மட்டும் ஒளி ஊடுருவுவதைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். கைரேகை பதியும் கருவிகளிலும் இதே தத்துவம் பல பத்தாண்டுகளாக உழைத்துவந்தது. கேமராவைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து விரல்களை எண்ணும் யோசனையும் பழையதுதான். 1982-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் நிமிஷ் மேத்தா என்ற மாணவர் தம் முதுகலை ஆய்வுக்காக, பால்கண்ணாடிப் பலகை ஒன்றின் பின்னால் கேமராவை நிறுத்தினார். விரல் பட்ட இடம் வெள்ளைப் பின்னணியில் கரும்புள்ளியாகத் தெரியும்; அழுத்தினால் புள்ளி பெரிதாகும். ஒரே நேரத்தில் பல விரல்களைக் கணினிக்குள் விட்ட முதல் கருவி இதுதான் என்று இந்தத் துறையின் வரலாற்றைத் தொகுத்த பில் பக்ஸ்டன் குறித்திருக்கிறார். ஐபோன் வருவதற்கு இருபத்தைந்து வருடம் முன்பு! ஆனால் 1982-ல் ஒரு கேமராப் படத்தைக் கணினிக்குள் கொண்டுபோய் நொடிக்கு நொடி அலசுவது ஓர் ஆய்வகத்துக்கே சுமை. யோசனை காத்திருந்தது. கேமரா மலியவேண்டும், கணினி வேகமாகவேண்டும்.

2005-க்குள் இரண்டும் நடந்துவிட்டன. ஹானின் கட்டுரைத் தலைப்பே 'குறைந்த செலவில்' என்றுதான் தொடங்குகிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அபூர்வமான நேர்மை இது. அவர் கேட்டது கால் அங்குல அக்ரிலிக் தகடு, அதன் விளிம்பில் அகச்சிவப்பு எல்இடி விளக்குகள், கீழே சாதாரணத் தெளிவில் நொடிக்கு முப்பது படம் எடுக்கும் கேமரா. 2006 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் மான்டெரேயில் டெட் மாநாட்டு மேடையில் இதைக் காட்டினார். வரைபலகைபோல் சாய்ந்த திரையில் புகைப்படங்களை இரண்டு கையாலும் இழுத்து, திருப்பி, விரித்து, சுருக்கினார். இன்று மூன்று வயதுக் குழந்தை போனில் செய்யும் காரியம். அன்று அரங்கம் வாயைப் பிளந்தது. ஆகஸ்டில் அந்தக் காணொளி இணையத்தில் வெளியானபோது, பார்த்தவர்களில் ஒரு சாரார் வியந்ததோடு நிற்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்கள்.

ஏன் எடுக்க முடிந்தது? தகட்டுக்குள் நடப்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். அக்ரிலிக்கின் விளிம்பு வழியாக உள்ளே புகும் ஒளி மேற்பரப்பை மிகச் சாய்வாகப் போய் முட்டுகிறது. செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 42 பாகைக்கு மேல் சாய்ந்துவிட்டால் அந்த ஒளியால் காற்றுக்குள் தப்பமுடியாது. முழுவதும் உள்ளேயே திரும்பும். பள்ளிப் பாடத்தில் முழு அக எதிரொளிப்பு என்று படித்தோமே, அது. கேரம் போர்டில் சுண்டிய காய் சட்டத்துக்குச் சட்டம் முட்டித் திரும்புவதுபோல் ஒளி தகட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே காற்று இருக்கும்வரைதான் இந்தச் சிறை. விரலை அழுத்தினால் அந்த இடத்தில் காற்று விலகித் தோல் வந்து உட்காருகிறது. ஒளி தோலுக்குள் கசிகிறது, அங்கே சிதறுகிறது, சிதறியதில் ஒரு பங்கு செங்குத்தாகக் கீழே இறங்கித் தகட்டைத் துளைத்து வெளியேறுகிறது. கீழிருக்கும் கேமராவுக்கு இருட்டு வானத்தில் ஒரு நட்சத்திரம். பத்து விரல் வைத்தால் பத்து நட்சத்திரம். நான்கு பேர் சுற்றி நின்று நாற்பது விரல் வைத்தாலும் செலவு ஒரு ரூபாய்கூடக் கூடாது. அதே கேமராதான் எல்லாவற்றையும் பார்க்கிறது. மின்கம்பிகளை வலையாகப் பின்னும் திரையில் இது நடக்காது. பரப்பு பெருகப் பெருக அங்கே கம்பியும் பெருகும், காசும் பெருகும்.

இனி கடைவீதி. இந்த மேசையைக் கட்டியவர்கள் வாங்கிய சாமான்களைப் பார்த்தால், வேறு வேலைகளுக்குப் பிறந்த பொருட்கள் ஒன்றுகூடிய கல்யாணம்போல் இருக்கும். அக்ரிலிக் தகடு விளம்பரப் பலகை செய்பவரிடமிருந்து. அகச்சிவப்பு எல்இடி என்பது டிவி ரிமோட்டின் மூக்கில் இருக்கும் அதே விளக்கு வகை. அலுவலகம் கழித்துக்கட்டிய புரொஜெக்டர். குளியலறை இடுக்குகளை அடைக்கிற, மீன்தொட்டி ஒட்டுகிற சிலிகான் பசை. கட்டட வரைவாளரின் டிரேசிங் பேப்பர். கேமராவுக்குக் கணினிக்கடை வெப்கேம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் வீடியோ விளையாட்டுக்கென்று சோனி 2007-ல் விற்ற பிளேஸ்டேஷன் ஐ கேமராவைத் தேடிப்போனார்கள். நாற்பது டாலர் விலைக்கு நொடிக்கு அறுபது படம், தெளிவைப் பாதியாக்கினால் நூற்றிருபது படம். அந்த வேகத்துக்காகவே அது இந்த வட்டாரத்தில் குலதெய்வமானது.

அந்த வெப்கேமுக்கு ஓர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. சாதாரணக் கேமராக்களின் லென்சுக்குப் பின்னால் சிறு கண்ணாடித் துண்டு ஒன்று உண்டு. சாய்த்துப் பார்த்தால் இளஞ்சிவப்பும் பச்சையுமாக மின்னும். அகச்சிவப்பைத் தடுப்பது அதன் வேலை, புகைப்படத்தில் நிறம் கெடாமல் இருக்க. மேசைக்கு வேண்டியதோ அந்த அகச்சிவப்புதான். ஆகவே லென்சைத் திருகிக் கழற்றி, பிளேடு முனையால் அந்தச் சில்லை நெம்பி எடுக்கவேண்டும். பலருக்கு அது நொறுங்கித்தான் வரும். பாதகமில்லை, எப்படியும் குப்பைக்குப் போகவேண்டியது. அடுத்து நேர்மாறான ஒன்று தேவை: கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறித்து அகச்சிவப்பை மட்டும் விடும் திரை. இல்லாவிட்டால் புரொஜெக்டர் மேற்பலகையில் வீசும் படத்தையே கேமரா பார்த்து, எது விரல் எது படம் என்று குழம்பிவிடும். தொழிற்சாலைத் தரத்தில் அத்தகைய வடிகட்டி விலை அதிகம். வீட்டில் மேசை கட்டியவர்கள் கண்டுபிடித்த மாற்று ஃப்ளாப்பி. பிளாஸ்டிக் உறையைப் பிளந்தால் உள்ளே பழுப்பு வட்டத் தகடு இருக்கும் அல்லவா, அதிலிருந்து ஒரு ரூபாய் அளவு வெட்டி லென்சுக்குமுன் ஒட்டினால் போதும். மனிதக் கண்ணுக்கு அது கருந்தகடு, அகச்சிவப்புக்கோ ஜன்னல். கழுவிய ஃபிலிம் சுருளின் நுனியில் ஒளிபட்டுக் கருத்த பகுதியும் இதே வேலையைச் செய்யும்.

இந்த விவரம் எனக்கு மிகவும் பிடித்தது. 2007-ல் ஃப்ளாப்பியும் ஃபிலிம் சுருளும் செத்துக்கொண்டிருந்த இரண்டு தொழில்நுட்பங்கள். அடுத்து வரப்போகும் கணினிக்கு இமையாக அவை அமர்ந்தன.

அக்ரிலிக்கின் விளிம்பைத் தேய்ப்பது அடுத்த வேலை. அறுத்த விளிம்பு சொரசொரவென்று வெளுத்திருக்கும், ஒளி உள்ளே போகாது. முரட்டு உப்புத்தாளில் தொடங்கி, நம்பர் கூடக் கூட மென்மையாகி, இரண்டாயிரம் நம்பர் வரை தண்ணீர் தொட்டுத் தேய்க்கவேண்டும். முடிவில் பித்தளைப் பாத்திரம் துலக்கும் பாலிஷ். நாலு பக்கமும் முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது. பிறகு எல்இடிகளைச் சரம் கட்டுவது. 12 வோல்ட் மூலத்துக்கு, ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட் குடிக்கும் விளக்குகள் ஏழைத் தொடராகக் கோத்தால் மிச்சம் ஒன்றரை வோல்ட். அதை விழுங்க 15 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. இப்படிப் பல சரங்கள். ஸ்விட்சைப் போட்டதும் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அந்த ஒளி நம் கண்ணுக்கு எட்டாதது. செல்போன் கேமராவைப் பிடித்துப் பார்த்தால்தான் ஊதா முத்துக்களாக வரிசை தெரியும். அந்த வரிசையில் ஒரு முத்து விட்டுப்போனால் கூடவே அந்தச் சரத்தின் ஏழும் அவிந்திருக்கும். திரும்பவும் சால்டரிங் அயர்ன்.

எல்லாம் முடிந்து ஆவலோடு விரலை வைத்தால் மேசை பாதி நேரம் கண்டுகொள்ளாது. காரணம் விரலின் வறட்சி. உலர்ந்த தோலின் ரேகை மேடுகள் மட்டுமே தகட்டைத் தொடுகின்றன. பள்ளங்களில் காற்று அப்படியே நிற்கிறது. ஒளி கசிய வழியில்லை. நோட்டு எண்ணுகிறவர்போல் விரலை நனைத்துக்கொண்டு வைத்தால் பளிச்சென்று பிடிக்கும். எச்சில் தொட்டு இயக்கும் கணினியை யார் வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டமுடியும்? இங்கேதான் குளியலறைச் சிலிகான் வந்தது. அதைத் தின்னரில் கரைத்து, பெயின்ட் ரோலரால் டிரேசிங் பேப்பர்மேல் மெல்லப் பூசி உலரவிட்டால் பொடிப்பொடி மேடுகள் கொண்ட ரப்பர்த் தோல் கிடைக்கும். அந்தப் பக்கம் தகட்டைப் பார்க்கும்படி விரித்துவிட்டால், விரல் காகிதத்தைத் தொடும், காகிதத்தின் சிலிகான் தகட்டைத் தொடும், ஒளி கசியும். புரொஜெக்டரின் படமும் அதே காகிதத்தில் விழும். ரோலரை எத்தனை முறை உருட்டுவது என்பதில் ஆளுக்கொரு பக்குவம், பாகு காய்ச்சுகிறவர்கள் ஆளுக்கொரு பதம் சொல்வதுபோல. பூச்சு கனத்தால் விரலை எடுத்த பிறகும் புள்ளி ஒட்டிக்கொண்டு மங்க மறுக்கும். மெலிந்தால் பிடிக்கவே பிடிக்காது.

கட்டுரை அழகாக இருந்தது. மேசை இந்த ரப்பர்த் தோலில்தான் பிழைத்தது.

புரொஜெக்டர் இன்னொரு தலைவலி. மேசையின் உயரத்துக்குள் அகலமான படம் விழவேண்டும் என்றால் ஒளியை மடித்து அனுப்பக் கண்ணாடி வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருப்பதால் படம் இரண்டாகத் தெரியும். முன்பக்கம் ரசம் பூசியது தேடவேண்டும். மூடிய பெட்டிக்குள் விளக்கு சூடேறி அரைமணியில் தானே அணைந்துவிடும் என்பதால் விசிறி வேண்டும். விசிறி ஓடினால் மேசை நடுங்கும்.

உடம்பு தயார், உயிர்? அதைக் கொடுத்ததில் பெரும்பங்கு பார்சிலோனாவுக்கு. அங்கே பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் செர்ஜி ஜோர்தாவும் தோழர்களும் 2003 முதல் ரியாக்டேபிள் என்றொரு இசை மேசையை உருவாக்கிவந்தார்கள். ஒளிரும் வட்ட மேசைமேல் கட்டைகளை வைத்து, திருப்பி, நகர்த்தினால் ஓசை பிறக்கும். கட்டையின் அடியில் அமீபாபோல் ஒரு சின்னம் அச்சிட்டிருக்கும். மேசைக்குள்ளிருந்து கேமரா அதைப் படிக்கும். 2007-ல் பாடகி பியோர்க் தம் உலகச் சுற்றுப்பயணத்தில் இதை மேடையேற்றினார். இந்தக் குழுவினர் தங்கள் மென்பொருளைத் திறந்து வைத்ததோடு, கேமரா கண்டதைப் பிற மென்பொருள்களுக்கு எடுத்துச்சொல்ல டியூயோ என்ற மொழிமரபையும் வகுத்துக் கொடுத்தார்கள். 'இந்த எண்ணுள்ள விரல் இங்கே இருக்கிறது, இந்தத் திசையில் நகர்கிறது' என்று 3333 என்ற வாசல் வழியாகத் தபால் போட்டுக்கொண்டே இருக்கும். யார் வேண்டுமானாலும் அந்தத் தபாலைப் பிரித்து ஓவியம் வரையலாம், தாளம் போடலாம். கேமராப் படத்தில் பின்னணியைக் கழித்து, மங்கலாக்கி, கூர்மையாக்கி, புள்ளிகளைப் பொறுக்கும் மென்பொருள்களைத் தன்னார்வலர்கள் எழுதினார்கள். முதல் முறை ஓட்டும்போது திரையில் கட்டம் கட்டமாகப் புள்ளிகள் தோன்றும். ஒவ்வொன்றாகத் தொட்டு மேசைக்குத் தன் மேனி எங்கே இருக்கிறது என்று பழக்கவேண்டும். பழக்கி முடித்த பிறகு யாராவது மேசைக்காலில் இடித்தால், முதலிலிருந்து.

பெரிய நிறுவனமும் இதே தெருவில்தான் நடந்தது. மைக்ரோசாஃப்ட் 2007 மே மாதம் சர்ஃபேஸ் என்ற மேசைக் கணினியை அறிவித்தது: முப்பது அங்குலத் திரை, அடியில் ஐந்து அகச்சிவப்புக் கேமரா, விலை பத்தாயிரம் டாலர் வரை. முதலில் ஹோட்டல்களும் கடைகளும்தான் வாங்கமுடியும் என்ற நிலை. ஆனால் 2003-ல் அவர்கள் செய்த முதல் மாதிரி எது தெரியுமா? ஐகியா மேசை ஒன்றின் பலகையில் ஓட்டை போட்டு, அதன்மேல் வரைவாளர் பயன்படுத்தும் காகிதத்தை விரித்தது. அதற்குப்பின் எண்பத்தைந்துக்கு மேல் மாதிரிகள். கராஜில் நின்றவனுக்கும் அவர்களுக்கும் இடையில் இருந்தது பணமும் பொறுமையும்தான், தச்சுவேலை ஒன்றே. பத்தாயிரம் டாலர் என்ற விலைதான் வீட்டு மேசைக்காரர்களுக்குக் கிடைத்த மிகப்பெரிய ஊக்கம் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் அந்த மேசைகள் ஏன் நம் வீடுகளில் இல்லை? ஐபோன் வந்தது ஒரு காரணம், ஆனால் முழுக் காரணம் ஆகாது. பார்க்கிற மேசைக்குப் பார்வைக் கோளாறுகள் உண்டு. வெயிலில் அகச்சிவப்பு நிறைய. ஜன்னல் திரையை விலக்கினால் மேசை முழுக்க விரல் முளைத்துவிடும். குண்டு பல்பின் கீழும் அதே கதி. ட்யூப்லைட் பரவாயில்லை. ஆகவே பெரும்பாலான வீட்டு மேசைகள் இரவுப் பிராணிகள். அவற்றின் காணொளிகளைப் பார்த்தால் எல்லாமே இருட்டறையில் எடுத்தவை. அடுத்தது, மேசைக்கு விரல் தெரியும், ஆள் தெரியாது. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்தால் யாருடைய விரல் எதை இழுத்தது என்று சொல்லமுடியாது. மிட்சுபிஷியின் அமெரிக்க ஆய்வகம் 2001-லேயே டைமண்ட்டச் என்ற மேசையில் இதைத் தீர்த்திருந்தது. அங்கே ஆளுக்கொரு நாற்காலி விரிப்பு. தொட்டவரின் உடம்பு வழியாகவே சிறு சமிக்ஞை ஓடி அவரவர் விரிப்பில் இறங்கும். கேமரா மேசையால் அது ஆகாது. எழுத்து எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்ற தகராறும் இருந்தது. எதிரில் இருப்பவருக்கு எல்லாமே தலைகீழ். குனிந்தே பார்த்தால் கழுத்து வலி. எல்லாவற்றுக்கும் மேலாக, மேசை என்றால் மனிதர்கள் அதன்மேல் காபி தம்ளரை வைப்பார்கள், முழங்கையை ஊன்றுவார்கள். உள்ளங்கையும் முழங்கையும் கேமராவுக்குப் பருத்த விரல்கள்தான்.

மேசை மெல்ல எழுந்து நின்று சுவரானது. ஹான் தொடங்கிய பெர்செப்டிவ் பிக்சல் நிறுவனத்தின் பலகையை 2008 அமெரிக்கத் தேர்தலில் சிஎன்என் செய்தியாளர் ஜான் கிங் மாகாணம் மாகாணமாக விரித்துக் காட்டியதைப் பலர் பார்த்திருக்கலாம். 2012-ல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. அதே வருடம் சர்ஃபேஸ் என்ற பெயரை மேசையிடமிருந்து பிடுங்கித் தன் புதிய டேப்லெட்டுக்குச் சூட்டியது. மேசைக்கு பிக்சல்சென்ஸ் என்று வேறு பெயர். உயிரோடு இருக்கும்போதே பேரை இளையவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். வீட்டு மேசைகளுக்கு அந்த மரியாதைகூட இல்லை. புரொஜெக்டர் சினிமா பார்க்கப் போயிற்று, அக்ரிலிக் பரணுக்குப் போயிற்று. மிஞ்சியது மென்பொருளில்தான். அந்த மேசைகளுக்காகப் பைத்தானில் எழுதிய பைஎம்டி என்ற கருவித்தொகுப்பு உருமாறி, 2011-ல் கிவி என்ற பெயரோடு வந்தது. இன்று பைத்தானில் ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறவர்கள் அதைப் புழங்குகிறார்கள். மேசைக்குப் பிறந்தது என்று அவர்களில் பலருக்குத் தெரிய நியாயமில்லை.

பார்க்கும் குணம் வேறொரு வழியில் பிழைத்தது. வகுப்பறைகளில் மாட்டும் பெரிய ஸ்மார்ட் போர்டுகளில் பலவற்றின் சட்டத்தைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகளும் எதிரே உணரிகளும் வரிசையாக இருக்கும். கண்ணாடிக்குச் சில மில்லிமீட்டர் மேலே கண்ணுக்குத் தெரியாத கதிர்வலை; எது குறுக்கிட்டாலும் அதற்கு விரல். கையுறையும் விரல், பென்சிலும் விரல். டீச்சர் உயரத்தில் எழுதக் கையைத் தூக்கும்போது முந்தானை பலகையில் உரசினால் படத்தின் குறுக்கே ஒரு கோணல் கோடு விழும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கோட்டை அழிப்பார்.